ஈகோர் சிகோர்ஸ்கி

கீவ் நகரில் 1889-ஆம் ஆண்டு தோன்றியவர் சிகோர்ஸ்கி. இருபதாம் வயதில் அவர் அமைத்த ஹெலிகாப்டர் நிலத்தைவிட்டு எழவில்லை. மறு ஆண்டு அமைத்தது தன்னைத் தூக்கிற்றேயன்றி ஆளைத் தூக்கவில்லை. குறை அவர் அறிவிலன்று. அக்கால இயந்திரங்களின் வலுவின்மையே. ஆகவே, விமானங்கள் செய்து புகழெய்தினார். புரட்சியால் நாடிழந்து, 1919-இல் நியூயார்க் சேர்ந்து, கணிதம் கற்பித்து வயிறு வளர்த்தார். 1923-இல் கோழிப் பண்ணையொன்றில் தொழில் தொடங்கினார்.

பழைய எண்ணம் அகலவில்லை. 1939 செப்டம்பர் 14-ஆம் நாள், ஐம்பது வயதில், கயிற்றால் தரையோடு பிணித்த புதிய ஊர்தியில் தாமே அமர்ந்து மேலெழுந்தார். சில நொடிகளே! 1945-இல் கனெக்டிகட் கரையருகே, புயலில் சிக்கிய எண்ணெய்த் தோணியினின்று இருவரை அவருடைய ஹெலிகாப்டர் தூக்கி மீட்டது. உயிர் காத்த இச்செயல்களையே அவர் பெரிதும் போற்றினார். அவர் நிறுவனத்தின் அமைப்பைத் தழுவிப் பிரிட்டனில் கட்டிய சீ கிங், 1971-இல் நம் கடற்படையிற் சேர்ந்து நீர்மூழ்கிகளைத் தேடிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார்.