மயிலாடி தந்த மாணிக்கம்

குமரி மாவட்டத்துத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அனைவரும் முதற்கண் குறிப்பிடும் பெயர் மகாராசன் வேதமாணிக்கம் என்பதாகும். சீர்திருத்தத் திருச்சபையின் அருள்தொண்டர் எவரும் தென் திருவிதாங்கூரில் வந்து தங்குவதற்கு முன்னரே, தம் உற்றார் உறவினரை ஞானஸ்நானத்திற்கு ஆயத்தப்படுத்தி வைத்திருந்த பெருமகன் அவர். நம் இளைஞர் அறிந்து போற்றத் தக்கது அவர்தம் வாழ்வு.

மயிலாடி என்னும் சிற்றூரில், பறையர் என்றும் சாம்பவர் என்றும் அழைக்கப்பெற்ற சமுதாயத்தில் மகாராசன் தோன்றினார். அந்நாளில் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோர் பட்ட இன்னல் சொல்லுந்தரத்ததன்று. தலைக்கு வரி இறுக்க வேண்டும். கூலியின்றி ஊழியம் செய்தல் வேண்டும். கோயில் வாயிலை நெருங்குதல் கூடாது. பொது வழியில் தடையின்றி நடத்தலும் இயலாது. எனினும் மகாராசனின் உள்ளம் மெய்ப்பொருளைத் தேடியவண்ணமே இருந்தது. அத்தேட்டமே அவரை நெடுந்தொலைவு நடந்து சிதம்பரத்திற்கு யாத்திரை செல்லத் தூண்டிற்று.

யாத்திரை முடித்துத் திரும்புங்கால், தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த உறவினரைக் காணச் சென்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள். அங்கே ஆலய வழிபாட்டைக் கண்டும் அருளுரையைக் கேட்டும் மனம் நெகிழ்ந்தார். கோலாப் ஐயர் அவருக்கு மறைபோதனை அளித்து, 1799ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் கொடுத்தார். மகாராசன் வேதமாணிக்கம் ஆனார்.

ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. அக்காலத்துத் தஞ்சைச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிந்திருக்கவில்லை. ஒரே ஆலயத்தில் வெள்ளாளர் ஒரு புறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமும் அமர்ந்தனர். சபைக்குள் இவ்வேற்றுமை கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டதே 1833ஆம் ஆண்டில்தான். அப்போதும் எதிர்ப்பு எழுந்தது. எல்லார் தலையிலும் ஊற்றப்பட்ட நீர் ஒன்றாயிருக்க, இருக்கை மட்டும் வேறாயிருந்தது. ஞானஸ்நானம் என்பது பழைய மனிதன் இறந்து புதிய மனிதன் எழுவதற்கு அடையாளம் என்பது திருச்சபையின் போதனை. பழைய மனிதனின் சாதிப்பெருமை இறவாதிருக்குமாயின், நீர் தலையை நனைத்ததேயன்றி உள்ளத்தைத் தொடவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

வேதமாணிக்கம் தஞ்சையிலேயே தங்கிவிடவில்லை. தம் ஊருக்கே மீண்டார். தாம் பெற்ற போதனையைத் தம் வீட்டாருக்கும் சுற்றத்தாருக்கும் எடுத்துரைத்தார். சிலர் நகைத்தனர், சிலர் பகைத்தனர், சிலர் செவிகொடுத்து உடன் நின்றனர். செவிகொடுத்தவர்களுக்குத் துன்பமும் வந்தது. தம்மவரை அழைத்துக்கொண்டு தஞ்சைக்கே குடிபெயர்ந்துவிடலாமா என்றும் அவர் எண்ணியதாகச் சொல்வர். குருவானவர் இல்லை, ஆலயம் இல்லை, அரசின் பாதுகாப்பும் இல்லை. ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் கற்பித்தார், காத்திருந்தார். ஞானஸ்நானம் கொடுப்பதற்குக் குருவானவர் வேண்டும். ஆயத்தப்படுத்துவதற்கோ அறிந்த அயலான் ஒருவன் போதும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

மீண்டும் கோலாப் ஐயரை நாடிச் சென்று உதவி வேண்டினார். அதன் பயனாக, 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடி வந்திறங்கித் தமிழ் கற்றிருந்த இலண்டன் மிஷன் சங்கத் தொண்டராகிய ரிங்கல்தௌபே ஐயர், 1806ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மயிலாடியை அடைந்தார். ஆலயம் கட்ட அரசு எளிதில் இசையவில்லை. ஆங்கிலேய ரெசிடென்டாகிய கர்னல் மெக்காலேயின் துணையால் இசைவு கிட்டி, 1809ஆம் ஆண்டில் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதனை அடுத்துப் பள்ளியும் எழுந்தது.

ஞானஸ்நானம் வேண்டிப் பலர் திரண்டு வந்தனர். வரியிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் விடுதலை கிடைக்கும் என்னும் எண்ணமே அவருட் பலரை உந்தியது என ரிங்கல்தௌபே வருந்தினார். ஆகவே கேட்டவர்க்கெல்லாம் அவர் உடனே ஞானஸ்நானம் கொடுத்தாரில்லை. போதனை பெற்றவரை ஆராய்ந்தே சேர்த்தார். கழுத்தை நெரிக்கும் நுகத்தினின்று விடுபட விரும்புதல் குற்றமாகாது. அவ்விருப்பத்தை இகழ்வதற்கு நுகம் சுமவாதவர்க்கு உரிமையுமில்லை. ஆயினும் வரிச்சுமை நீங்கும் என்று வந்தவன், அது நீங்காதபோது திரும்பிப் போவான். மனம் மாறி வந்தவனோ சுமையோடும் நிலைநிற்பான். இவ்வேறுபாட்டை உணர்த்துவதே ஆயத்தத்தின் பயன். வேதமாணிக்கம் எந்தச் சலுகையும் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் நிலைநின்றவர். ஆதலின் ஆயத்தம் என்பதற்கு அவரே இலக்கணமானார்.

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816ஆம் ஆண்டில் விடைபெற்றார். அவர் சபைகளின் பொறுப்பை ஒப்படைத்தது ஐரோப்பியர் எவரிடமும் அன்று, வேதமாணிக்கத்தினிடமே. அச்சபைகளில் பிற சமுதாயத்தார் பெருந்தொகையினராய் இருந்தனர். அவர்களையும் உள்ளிட்ட சபைகளை, தீண்டத்தகாதவர் என்று உலகம் ஒதுக்கிய குலத்திற் பிறந்த ஒருவர் மேய்ப்பராய் நின்று நடத்தினார். தஞ்சை ஆலயத்தின் பிரிந்த இருக்கைகள் காட்டாத ஞானஸ்நானத்தின் பொருளை, மயிலாடியின் இந்நிகழ்ச்சி காட்டிற்று. 1818ஆம் ஆண்டில் மீட் ஐயர் வரும்வரை சபைகள் சிதறாமற் காத்த அவர், 1827ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மயிலாடியில் தொடங்கிய கல்விப் பணி பின்னர் நாகர்கோவிலில் வேரூன்றி, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாய் ஓங்கி நிற்கிறது.

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உளர். ஞானஸ்நானம் பெறவிருக்கும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேன்: ஆயத்த வகுப்பை, வினாவிடை ஒப்புவித்து முடிக்கும் சடங்காகக் கருதாதீர். எதை விடுகிறோம், எதை ஏற்கிறோம், அதற்கு என்ன விலை என்று எண்ணித் துணிக. ஏனையோர்க்கும் அவர் வாழ்வு சொல்வது ஒன்றுண்டு: தாம் பெற்ற ஒளியோடு தம் ஊருக்கே திரும்பியவர் அவர். படித்து உயர்ந்த நம் பிள்ளைகளும் தாம் பிறந்த தெருவுக்குத் திரும்பி, அடுத்தவரை ஆயத்தப்படுத்துவார்களாக.