தயிரை நம்பிய விஞ்ஞானி

போன வருஷம் எங்க என்எஸ்எஸ் கேம்ப் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ஊர்ல. மூணாம் நாள் காலையில சாமைக் கஞ்சி இறக்கும்போது பாத்திரம் சாய்ஞ்சு நண்பன் ஒருத்தன் கையில கொட்டிடுச்சு. ஒருத்தன் டூத்பேஸ்ட் தேடினான். இன்னொருத்தன் தயிர்க் கிண்ணத்தோட ஓடிவந்தான். சமைக்க உதவிக்கு வந்த ஊர் அக்கா ரெண்டு பேரையும் திட்டிட்டு, அவன் கையைக் குழாயடியில பிடிச்சு வெச்சாங்க. இருபது நிமிஷம் தண்ணி. அப்புறம் ஆஸ்பத்திரி.

தயிருக்கும் தீக்காயத்துக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கான்னு அப்புறம் தேடிப் பார்த்தேன். கிடைச்ச பேர், இலியா மெச்னிகோவ்.

1845-ல், இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் பக்கத்தில் பிறந்தவர். படிச்சது விலங்கியல். முதல் மனைவி 1873-ல் காசநோயால் இறந்தார். துக்கம் தாங்காமல் உயிரை விட முயன்று, எப்படியோ பிழைத்தார். ஒடெசாவில் பேராசிரியரா இருந்தவர், 1882-ல் அந்த வேலையை விட்டுட்டு இத்தாலியின் மெசினாவுக்குப் போனார்.

அங்கேதான் திருப்பம். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்ட்டாங்க. இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போட உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில், தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்தி வெச்சார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுத்தி செல்கள் கூட்டமா வந்து நின்னுச்சு. காயம் பட்ட இடம் வீங்கிச் சிவப்பது வெறும் கேடு இல்லை, உடம்பு நடத்தும் சண்டைன்னு அவருக்குப் புரிஞ்சது. கிருமியை விழுங்கும் செல்கள் பற்றிய கொள்கை இப்படித்தான் பிறந்தது. வெள்ளை அணுக்கள் கிருமியைப் பரப்பத்தான் செய்யும்னு நம்பின டாக்டர்கள் பலர் அதை ஏத்துக்கல. அவர் விடல. 1888-ல் பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வயசான காலத்தில் அவர் கவனம் குடலுக்குப் போச்சு. பெருங்குடல் கிருமிகளின் விஷம்தான் முதுமைக்குக் காரணம், தயிரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா அதைத் தடுக்கும்னு நம்பினார். பல்கேரியத் தயிர் ஐரோப்பா முழுக்க ஃபேமஸ் ஆச்சு. தானும் தினமும் புளித்த பால் குடிச்சார். 1916-ல், 71 வயசில் இறந்தார். அந்தத் தயிர் பாக்டீரியா குடலில் நிலைச்சுத் தங்குறதில்லைன்னு பிறகு தெரிஞ்சது. ஆனா நல்ல கிருமியை வெச்சுக் கெட்ட கிருமியை அடக்கலாம் என்ற எண்ணம் சாகல. இன்னைக்கு அதுக்குப் பேர் புரோபயாடிக்.

தீக்காயத்தில் தோல் என்ற வேலியே போயிடுது. அப்போ சூடோமோனாஸ் மாதிரி கிருமிகள் சுலபமா உள்ளே புகுந்துடும். அர்ஜென்டினாவில் ஒரு குழு, ஆய்வகத்தில் வளர்த்த லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் பாக்டீரியாவைத் தீக்காய நோயாளிகளின் புண்ணில் போட்டுப் பார்த்தது. வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் மருந்தோட ஒப்பிட்டாங்க. 2009-ல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனா அது சின்ன ஆய்வு. இன்னும் வழக்கமான சிகிச்சையா மாறல.

அது அளந்து எடுத்த, தனியா வளர்த்த ஒரே வகை பாக்டீரியா. நம்ம கிண்ணத்துத் தயிரில் என்னென்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதைத் திறந்த புண்ணில் தடவினா கெட்ட கிருமியையும் சேர்த்துத்தான் தடவுறோம். மெச்னிகோவே தயிரைக் குடிச்சார், தடவல.

நண்பனின் கை ஆறிடுச்சு. தழும்புகூட லேசாத்தான் இருக்கு. தயிர்க் கிண்ணத்தோட ஓடிவந்தது யார்னு கேட்காதீங்க. அது நான்தான்.