மூன்றரை மாதம் நின்ற கோட்டை

விருதுநகர்ப் பக்கமிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும்போது, ஒட்டப்பிடாரம் நோக்கித் திரும்பினால் பாஞ்சாலங்குறிச்சி வந்துவிடும். கட்டபொம்மனை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய தம்பியைத் திரைப்படத்தில் பார்த்ததோடு சரி.

குமாரசாமி என்பது அவர் பெயர். பேச இயலாதவர் என்பதால் ஊமைத்துரை ஆனார். 1799 அக்டோபர் 16 அன்று அண்ணனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார். 1801 பிப்ரவரி 2 அன்று அவருடைய ஆட்கள் காவலை முறியடித்து அவரை மீட்டனர். ஒரு வாரத்தில் கும்பினிப் படை துரத்திக்கொண்டு வந்தது. இடித்த இடத்தில் மதில் மீண்டும் எழுந்து நின்றது! கல்லோ சுண்ணாம்போ இல்லை, வெறும் மண். மழைக்குப்பின் கரிசலில் செருப்போடு நடந்தவர்களுக்கு அந்த மண்ணின் பிடி தெரியும். மார்ச் 31 அன்று கும்பினியார் தாக்கியபோது, பலரைப் பலிகொடுத்துத் திரும்ப வேண்டியதாயிற்று.

அப்படையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், எதிரியான இவரைப் பற்றி வியந்தே எழுதுகிறார். சிறு வைக்கோல் துண்டுகளை உள்ளங்கையில் ஆங்கிலச் சிப்பாய்களாக அடுக்குவாராம். பிறகு ஒரே வீச்சில் தட்டிவிடுவாராம். தாக்குங்கள் என்பதற்கு அதுதான் கட்டளை.

மே மாதம் கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளோடு வந்தார். 24ஆம் தேதி கோட்டை விழுந்தது. தப்பியவர்களில் ஊமைத்துரை படுகாயமடைந்து வழியில் விழுந்தார். வெல்ஷ் சொல்லும் செய்தி இதுதான்: தன் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். உயிர் பிரியும் நிலையில் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் துரையைக் காப்பாற்றும்படி கேட்டான். அவள் அப்படியே செய்தாள். தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களிடம், வீட்டில் அம்மையில் ஒருவர் இறந்துவிட்டதாகச் சொல்லிப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவந்த அந்தத் தாய்க்கு, அந்த ஒப்பாரியில் எவ்வளவு நடிப்பு இருந்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தேறியபின் ஊமைத்துரை கமுதி சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்து போரிட்டார். அக்டோபரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது அப்பகுதி மக்களின் பேச்சு. இன்று அங்கே நாம் காணும் கோட்டை 1974இல் அரசு கட்டிய நினைவுச் சின்னம். பழைய மதிலின் மிச்சம் அதன் அருகே மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது.