முன்சீப் எழுதிய கதை

இலக்கியப் பாடத்திற்காக நாவல் படிக்கும் மாணவர்கள், தமிழில் நாவல் என்பது எப்போதும் இருந்ததாகவே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் 150 ஆண்டுகளுக்கு முன் தமிழில் ஒரு நாவல்கூட இல்லை. முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அந்த ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரம் கிள்ளானாகவே இருந்தது. அடுத்த ஆண்டுதான் அது கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்த செங்கற்சூளைகள் புகைவிடத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

அந்த நாவலை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் ஒரு நீதிபதி. பக்தியுள்ள கத்தோலிக்கக் கிறிஸ்தவர். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது அவருடைய சமயம் கற்பித்த பத்துக் கட்டளைகளுள் ஒன்று. நீதிமன்றத்தில் அவர் நாள்தோறும் செய்த வேலையும் பொய்ச்சாட்சியை இனங்கண்டு தள்ளுவதுதான். தமிழர் வீடுகளிலோ பொய் சொல்வதற்குக் கதைவிடுதல் என்றே ஒரு பெயர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர், நடக்காத நிகழ்ச்சிகளையும் பிறக்காத மனிதர்களையும் கற்பனை செய்து ஒரு பெரிய கதையை ஏன் எழுதினார்? இக்கேள்விக்கு விடை காண அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். கல்வி முடிந்ததும் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராக வேலையில் சேர்ந்தார். பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். அதன் பின் முன்சீப் பதவி கிடைத்தது. முன்சீப் என்பவர் சொத்து, கடன், பாகப்பிரிவினை போன்ற வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியர் ஒருவர் அத்தகைய பதவியை அடைவது அக்காலத்தில் எளிதன்று.

முன்சீபாக அவர் முதலில் பணியாற்றிய ஊர் தரங்கம்பாடி. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் வந்திறங்கி, தமிழ் கற்று, பின்னர் அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்ட கடற்கரை ஊர் அது. அடுத்துச் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அவர் பணியாற்றினார். மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. நீண்ட காலம் அங்கேயே முன்சீபாக இருந்ததால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கைக்கூலி வாங்குவது அக்கால அலுவலகங்களில் பலருக்கும் பழகிப்போன ஒன்றாக இருந்தது. கைக்கூலி என்றால் லஞ்சம். வேதநாயகம் பிள்ளை அதை வாங்க மறுத்ததோடு நிற்கவில்லை. அதைக் கண்டித்துச் செய்யுள்களும் எழுதினார். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலியைப் பற்றித் தனி அதிகாரமே உண்டு. கடவுள் வாழ்த்தில் தொடங்கி, பெற்றோர் கடமை, பிள்ளைகள் கடமை, பொய், களவு, குடி என்று மனித வாழ்க்கையின் பல பக்கங்களையும் அந்நூல் தொட்டுச் செல்கிறது. கடவுளை நம்புகிறவன் அலுவலக மேசையிலும் அந்த நம்பிக்கையோடுதான் உட்கார வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தேவாலயத்தில் ஒரு மனிதராகவும் நீதிமன்றத்தில் வேறொரு மனிதராகவும் இருக்க அவர் விரும்பவில்லை.

அவர் செய்த இன்னொரு வேலை இன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால், நாவலாசிரியரை உருவாக்கியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வழங்கப்பட்ட நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் தமிழில் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலாக்கினார். ஆங்கிலம் அறியாத மக்கள் தங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவென்றே தெரியாமல் வழக்காடுவது அநீதி என்று அவர் கருதினார். தீர்ப்பைச் செய்யுளில் எழுத முடியாது. யார், எப்போது, என்ன செய்தார் என்பதைத் தெளிவான உரைநடையில் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

அவருடைய நண்பர்களைப் பற்றியும் அறிந்துகொள்வது நல்லது. பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். சைவ சமயத்தில் ஊறிய அப்புலவர், கிறிஸ்தவரான தம் நண்பர்மீது குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடினார். வேதநாயகம் பிள்ளையும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து பாடல்கள் இயற்றினார். ஒரு சைவ மடத்தின் தலைவரும் ஒரு கத்தோலிக்க நீதிபதியும் கொண்டிருந்த நட்பு அன்றைய தஞ்சை வட்டாரத்தில் பலராலும் வியந்து பேசப்பட்டது. தேவமாதாவைப் போற்றி அந்தாதி பாடிய அவரேதான் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்ற இசைப்பாடல் தொகுப்பையும் எழுதினார். அப்பாடல்கள் எந்தச் சமயத்தின் கடவுளையும் குறிப்பிட்டுப் பெயர் சொல்லாமல், எல்லாரும் பாடும்படி அமைந்தவை.

அத்தொகுப்பு வெளிவந்த காலம் மிகக் கொடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். பிழைப்புத் தேடி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கு வந்திறங்கிய தமிழர் பலர். மாயூரத்திலிருந்து நாகப்பட்டினம் அதிகத் தொலைவில் இல்லை. வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சித் தொட்டிகள் திறந்து ஏழைகளுக்கு உணவளித்தார். அந்த உதவியைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய அதே பாரதியார்தான் அவர்.

பெண் கல்வியிலும் வேதநாயகம் பிள்ளை அக்கறை காட்டினார். பெண்களுக்கு அறிவுரை கூறும் பெண்மதி மாலை என்ற நூலை எழுதினார். பெண்கள் படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் படிப்பதற்கு என்ன நூல் இருக்கிறது என்று பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. தமிழில் இருந்த நல்ல நூல்களுள் பெரும்பாலானவை செய்யுள்கள். அவற்றைப் பதம் பிரித்துப் படிப்பதற்கே ஆசிரியர் துணை வேண்டும். அவருடைய நீதிநூலும் அப்படித்தான். புலவர்கள் அதைப் பாராட்டினார்கள். ஆனால், கைக்கூலி கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அதைப் படித்திருப்பார்களா என்பது ஐயமே.

அவர் நாவலின் பக்கம் திரும்பியது இந்தக் கட்டத்தில்தான். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே கதை எழுதியதாக அவர் தம் முன்னுரையில் தெரிவித்திருக்கிறார். நீதிநூல் முதலிய தம் முந்தைய நூல்களில் சொன்ன கருத்துகளையே இக்கதையில் எடுத்துக்காட்டுகளோடு விளக்கியதாகவும் அதில் கூறுகிறார். ஆக, பாட்டில் சொன்ன அறத்தைக் கதைமாந்தர் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

இதற்கு அவருடைய சமயத்திலேயே முன்மாதிரி இருந்தது. இயேசுநாதர் மக்களுக்குப் போதித்தபோது பெரும்பாலும் உவமைக் கதைகளையே சொன்னார். வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்துத் திரும்பிவந்த மகன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்று காப்பாற்றிய சமாரியன் ஆகியோரின் கதைகளைத் தேவாலயத்திற்குச் செல்லும் குழந்தைகள் எல்லாரும் கேட்டே வளர்கிறார்கள். அந்த மகன் எந்த ஊரில் பிறந்தான், அந்தச் சமாரியனின் பெயர் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கதை கற்பனை, அது காட்டும் உண்மை கற்பனையன்று. பொய்ச்சாட்சிக்கும் உவமைக் கதைக்கும் உள்ள இந்த வேறுபாடு, இரண்டையும் நன்கு அறிந்த ஒரு நீதிபதிக்குத் தெரியாமலிருக்காது. தமிழகத்திலும் அவருக்கு முன்னோடி இருந்தார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் என்னும் கத்தோலிக்கத் துறவி, தேம்பாவணி என்ற காப்பியத்தைப் பாடியதோடு, பரமார்த்த குருவின் கதை என்ற நகைச்சுவைக் கதையை உரைநடையில் எழுதியிருந்தார்.

ஆயினும் வேதநாயகம் பிள்ளை சென்ற வழி புதியது. 1852ஆம் ஆண்டில் ஹன்னா மல்லன்ஸ் என்ற பெண்மணி வங்காள மொழியில் எழுதிய கதை நூலின் மாந்தர்கள் கிறிஸ்தவப் பெண்கள். வேதநாயகம் பிள்ளையின் காலத்தவரான கிருஷ்ண பிள்ளை, ஆங்கிலக் கிறிஸ்தவக் கதை ஒன்றைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைச் செய்யுளிலேயே பாடினார். வேதநாயகம் பிள்ளையோ செய்யுளையும் விட்டார். கிறிஸ்தவக் குடும்பத்தையும் கதைக்களமாக்கவில்லை. அவருடைய கதைத்தலைவன் பிரதாபன் ஓர் இந்து முதலியார் குடும்பத்துப் பிள்ளை. கதையில் மதமாற்றம் பற்றிய பேச்சே இல்லை. கடவுள் ஒருவர் இருக்கிறார், அவர் நீதியுள்ளவர், மனிதன் அவருக்கும் பிறருக்கும் கடமைப்பட்டவன் என்ற நம்பிக்கை மட்டும் கதை முழுவதிலும் இழையோடுகிறது.

பிரதாபன் செல்லமாக வளர்க்கப்பட்டவன். அவனை அடிக்கக்கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. ஆகவே, அவன் பாடம் படிக்காதபோதெல்லாம் கூடப் படிக்கும் ஏழைப் பையன் கனகசபை அடிவாங்குகிறான். தவறு செய்தவன் ஒருவன். தண்டனை பெறுபவன் இன்னொருவன். வழக்குமன்றத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்தவர் இக்காட்சியைக் கதையின் தொடக்கத்திலேயே வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. படிப்பவர் முதலில் சிரிப்பார். சற்று நேரத்தில் கனகசபைக்காக மனம் வருந்துவார். நீதிநூலின் ஓர் அதிகாரம் முழுவதும் செய்ய முடியாததை இந்தச் சிறு காட்சி செய்துவிடுகிறது.

கதையின் உண்மையான வீரர் பிரதாபன் அல்லன். அவனுடைய மனைவி ஞானாம்பாள்தான். கணவனைத் தேடி ஆண்வேடத்தில் புறப்படும் அவள், விக்கிரமபுரி என்னும் நாட்டை அடைகிறாள். அரசன் இல்லாத அந்நாட்டில் பட்டத்து யானை அவளுக்கு மாலையிட, அவள் அரியணை ஏறுகிறாள். அங்கே பொய்வழக்கில் சிக்கிச் சிறையில் கிடந்த கணவனை மீட்கிறாள். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை நீக்கி, நாட்டைச் செம்மையாக ஆள்கிறாள். நீதிமன்றங்கள் மக்கள் பேசும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்ற கருத்தும் இந்நாவலில் வலியுறுத்தப்படுகிறது. முன்சீபாக இருந்தவர் சட்ட நூலில் சொல்ல முடியாததைக் கதையில் சொல்லிவிட்டார்.

இந்நாவலில் குறைகளும் உண்டு. முதன்மைக் கதையை நிறுத்திவிட்டுக் கிளைக்கதைகள் அடிக்கடி நுழைகின்றன. சில இடங்களில் மாந்தர்கள் பேசுகிறார்களா, பிரசங்கம் செய்கிறார்களா என்று ஐயம் எழும். ஞானாம்பாளிடம் ஒரு சிறு குற்றத்தையும் காண முடியாது. இது அவர் அறிந்தே செய்தது. முதன்மை மாந்தரை முழுக்க நல்லவர்களாகவே காட்டவேண்டும் என்பதில் ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைத் தாம் பின்பற்றியதாக அவர் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். அறம் கற்பிக்கும் நோக்கம் சில சமயம் கதையின் கழுத்தை நெரிக்கிறது என்று பிற்காலத் திறனாய்வாளர்கள் கூறினார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அந்த நோக்கம் இல்லாதிருந்தால் இந்த நாவலே பிறந்திருக்காது.

பணி ஓய்வுக்குப் பின் அவர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1887ஆம் ஆண்டில் சுகுண சுந்தரி என்ற இரண்டாம் நாவல் வெளிவந்தது. முதல் நாவலைவிட அளவில் சிறியதான அது, குழந்தைத் திருமணத்தின் தீமைகளைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை காலமானார்.

அவருடைய கீர்த்தனைகள் இன்றும் கர்நாடக இசைக் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. அவற்றைக் கேட்டுத் தலையசைப்பவர்களுள் பலருக்கு, அவற்றை எழுதியவர் ஒரு கத்தோலிக்க முன்சீப் என்பது தெரியாது. தமிழின் முதல் நாவலை எழுதியவரும் அவரே என்பது அவர்களுள் இன்னும் பலருக்குத் தெரியாது.