இருளில் கண்ட பேரெண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் மரபு. புறக்கண்கள் இரண்டும் ஒளியிழந்த பின்னரும் எண்ணையே கண்ணாகக் கொண்டு வாழ்ந்தவர் கணிதப் பேரறிஞர் லியோனார்டு ஆய்லர். அவர் ஆராய்ந்து நிறுவிய ஓர் எண்ணை முன்வைத்து அவர்தம் வாழ்வினை இங்கு நோக்குவோம்.

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில் 1707 ஏப்ரல் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மறைபோதகர். மகனும் அவ்வழியே செல்ல வேண்டுமென விழைந்தார். சனிக்கிழமைதோறும் ஐயம் தீர்த்துவந்த ஆசிரியர் யோகான் பெர்னூலியோ, இளைஞரின் கணித ஆற்றலை உணர்ந்து தந்தையாரை இணங்கச் செய்தார். 1727இல் ஆய்லர் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தில் சேர்ந்தார். பகா எண்ணென்று பெர்மா கருதியிருந்த 4,294,967,297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் அவர் காட்டியபோது அகவை 25.

1738இல் வலக்கண் பார்வை போயிற்று. 1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லினில் பணியாற்றியபின் 1766இல் பீட்டர்ஸ்பர்க் மீண்டார். விரைவில் இடக்கண்ணிலும் புரை படர்ந்தது. 1771இல் செய்த அறுவை மருத்துவம் சில நாளே ஒளி தந்தது. அதே ஆண்டில் வீடும் தீக்கிரையாயிற்று.

மறு ஆண்டு, தம் ஆசிரியரின் பேரரான மற்றொரு யோகான் பெர்னூலிக்கு வரைந்த மடலில், 2,147,483,647 ஒரு பகா எண் என்று ஆய்லர் அறிவித்தார். இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்றைக் குறைக்க வருவது இவ்வெண். 46,340 வரையுள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. அவை அனைத்தாலும் வகுத்துப் பார்ப்பதே நேர்வழி. ஆனால், இதற்குப் பகாக் காரணி ஒன்று இருப்பின் அதனை 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாக வரவேண்டும் என்று ஆய்லர் கண்டார். அவ்வெல்லைக்குள் அத்தகைய எண்கள் சற்றேறக்குறைய 370. அவற்றுள்ளும் பகா எண்கள் நூற்றுக்குக் குறைவே. மலையளவு உழைப்பைச் சிந்தனை கைப்பிடியளவாக்கிற்று.

இவ்வெண்ணை இரண்டின் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2,305,843,008,139,952,128 என்னும் நிறைவெண் கிடைக்கும். தன்னையொழிந்த காரணிகளைக் கூட்டத் தன்னையே தருவது நிறைவெண். இரட்டைப்படை நிறைவெண்கள் யாவும் இவ்வமைப்பினவே என்று ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இப்னு அல்-ஹைதம் கருதியதற்கு நிறுவல் தந்தவரும் ஆய்லரே.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக அவ்வெண் விளங்கிற்று. இன்றைய கணிப்பொறியில் குறியுடைய 32 பிட் முழு எண்ணின் மேல் எல்லையும் அதுவே.

பார்வையற்ற காலத்தில் ஆய்லர் சொல்லச் சொல்ல மைந்தரும் மாணவரும் எழுதினர். அவர் படைப்புகளில் ஏறத்தாழப் பாதி அவ்வாறு பிறந்தவை. 1783 செப்டம்பர் 18ஆம் நாள் உயிர் நீத்தார். அன்றும் கணக்கிலேயே ஈடுபட்டிருந்தார்.

வசதிக் குறைவால் கல்வியைக் கைவிட எண்ணும் மாணவர் எவரேனும் நம்மிடையே இருப்பின், அவர் இவ்வெண்ணை நினைவிற் கொள்வாராக. மனத்தில் பதிந்த கல்வியைத் தீயும் தின்னவில்லை, இருளும் மறைக்கவில்லை.