சேலத்தார் கேட்ட கேள்வி

ஆசிரியர் கேட்பார்; மாணவர் விடை சொல்வார். வகுப்பறையின் வழக்கம் இது. ஆனால் கல்லூரி ஆசிரியர் ஒருவரே கேள்விக்கு ஆளாகி, விடை சொல்ல இயலாமல் திகைத்த நாள் ஒன்று உண்டு. தமிழன்னை தான் இழந்த அணிகலன்களை மீண்டும் பெறத் தொடங்கியது அந்த நாளில்தான் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கேள்வி கேட்டவர் நம் சேலத்துக்காரர். கேட்கப்பட்டவர், பின்னாளில் நாடே தமிழ்த் தாத்தா என்று போற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

தஞ்சைத் தரணியில் உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர். வறுமை வாட்டிய குடும்பம். ஆயினும் தமிழ் மேல் தணியாத காதல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1876இல் ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் தொடர்ந்து கற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு ஐயரையே பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரி 16ஆம் நாள் ஐயர் பணியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

கல்லூரி வேலை, மாணவர் மதிப்பு, மடத்தின் ஆதரவு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த இளைஞருக்கு இனி என்ன குறை? அந்த ஆண்டிலேயே அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். ஆங்கிலக் கல்வியும் தமிழ்ப் பற்றும் ஒருங்கே உடையவர். அவரைப் பார்க்க ஐயர் சென்றது 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை.

முதலியார் அதிகம் பேசவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று விசாரித்தார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னால் எவரும் மகிழ்வர். அவர் முகத்தில் அந்த மலர்ச்சியைக் காணோம். என்னென்ன படித்தீர்கள் என்றார். ஐயர் அடுக்கினார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள், கம்பராமாயணம். பட்டியல் நீண்டது, முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டார். இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணி, மணிமேகலை என்று அவர் சொன்ன பெயர்களில் ஒரு நூலையும் ஐயர் பாடம் கேட்டிருக்கவில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. அக்காலக் கல்விமுறை அப்படி!

தோழர்களே, அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த கல்வியை ஒருவர் ஒரு கேள்வியில் தள்ளிவிட்டால் நமக்கு என்ன தோன்றும்? சினம் வரும். இவர் உத்தியோக மிடுக்கில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட்டு, மறுநாள் பழைய பாடத்தையே நடத்தலாம். சம்பளம் குறையாது, மாணவர்க்கும் தெரியாது. ஐயரின் உள்ளமும் புண்பட்டது. ஆனால் நூல் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்வேன் என்ற துணிவு அவருக்கு இருந்தது. முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் கையில் கொடுத்தார்.

ஏட்டைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது என்று. சிந்தாமணி சமண காவியம். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. சைவ மடத்தில் வளர்ந்த அந்த அந்தணர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் பயபக்தியோடு பாராயணம் செய்யும் அன்பர்கள் இருந்தனர். கல்லூரியில் பாடம் சொன்னவர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்து ஐயம் தெளிந்தார். முதலியாரோ தொடர்ந்து அவரோடு நூலைப் படித்து ஊக்கம் அளித்தார்.

உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டிய அடிகள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்பது அடுத்த புதிர். அந்தத் தேடல் ஐயரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. தாம் நெடுநாள் பழகிய திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையிலேயே எட்டுத்தொகை மூலத்தை அவர் கண்டெடுத்தார்! கேள்வி பிறக்கும் வரை அருகிலிருந்த புதையலும் அவர் கண்ணில் படவில்லை.

1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேறியது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. முதலியார் கேட்ட கேள்விக்கு ஐயர் அளித்த விடை இது. சொல்லி முடிக்க ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

முதலியார் அந்த விடையை முழுதும் காணக் கொடுத்து வைக்கவில்லை. பின்னர்ச் சென்னையில் வழக்கறிஞராக விளங்கி, 1885இல் இந்தியர் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவராகவும் திகழ்ந்த அவர், நாற்பது வயது நிரம்பும் முன்பே 1892இல் மறைந்தார். ஐயரோ 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்று, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். இத்தனை புகழுக்குப் பின்னும், அன்று தமக்கு நேர்ந்த திகைப்பைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கு அது தெரிகிறது. அந்த நேர்மை அவர் பதிப்பித்த நூல்களுக்கு ஈடானது.

இன்று அந்நூல்கள் நம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. தேர்வுக்காகப் புரட்டுகிறோம், மதிப்பெண் வந்ததும் மறக்கிறோம். மாணவ நண்பர்களே, பாடம் முடிந்த பின் உங்கள் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், பணிவோடு கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, விடை தெரியாத கேள்வி வந்தால் வருந்தாதீர்கள். கும்பகோணத்தில் ஓர் இளம் ஆசிரியர் அப்படித்தான் இரண்டாம் முறை மாணவரானார். தமிழ் வாழ்ந்தது!