போதுமென்ற மனம் படைத்த பாதிரியார்

உண்ணவும் உடுக்கவும் உறையவும் பொருள் வேண்டும். அதனை நல்வழியில் ஈட்டுதல் குற்றமன்று. ஆயினும், பொருளே தம்மைக் காக்கும் என்று நம்பி, அதனைத் தேடுவதிலேயே வாழ்நாள் முழுவதையும் கழிப்பவர் உலகில் பலர். இறைவன் காப்பான் என்னும் உறுதியோடு, கிடைத்தது போதும் என்று அமைந்து, பிறர் நலத்திற்கு உழைப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ் என்னும் பாதிரியார். அவர் பிறந்த நாடு ஜெர்மனி. நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த நாடு தமிழ்நாடு.

இளமை

சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அந்நாளில் பிரஷ்ய அரசைச் சேர்ந்திருந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் குழந்தையாய் இருந்தபோதே அன்னையார் இறந்தார். தம் மகனை இறைபணிக்கு ஒப்படைத்ததாக அவ்வம்மையார் சாகுந்தறுவாயில் கணவரிடம் கூறிச் சென்றார்.

உரிய பருவத்தில் சுவார்ட்ஸ் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். தமிழ்நாட்டிற் பணிபுரிந்து திரும்பிய சூல்ட்ஸ் என்னும் பாதிரியார் அப்போது அங்கே இருந்தார். அவரிடமே சுவார்ட்ஸ் தமிழ் எழுத்துகளை முதன்முதற் கற்றார். அதன்பின் இந்தியாவிற்குச் சென்று தொண்டாற்றும் விருப்பம் அவருள்ளத்தில் எழுந்தது. மூத்த மகனைக் கடல் கடந்து அனுப்பத் தந்தையார் முதலில் தயங்கினார். சில நாள் எண்ணிப் பார்த்தபின் வாழ்த்தி விடை கொடுத்தார். புறப்படுமுன் சுவார்ட்ஸ் ஒரு செயல் செய்தார். குடும்பச் சொத்தில் தமக்கு வரவேண்டிய பங்கினை உடன்பிறந்தார்க்கே விட்டுக் கொடுத்தார். செல்வத்தைக் கைவிட்டே அவர் தம் பயணத்தைத் தொடங்கினார் எனலாம்.

எளிய வாழ்வு

1750ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நான்கே திங்களில் தமிழில் சொற்பொழிவு ஆற்றும் அளவிற்கு நம் மொழியைப் பயின்றார். பின்னாளில் மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் ஆகிய மொழிகளையும் கற்றுக்கொண்டார். 1762ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளியில் தங்கிப் பணி செய்யலானார்.

அது பொருள் வேட்கை மிகுந்திருந்த காலம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் பலர் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வம் திரட்டிக்கொண்டு தாயகம் திரும்பினர். நவாபோ கடனில் மூழ்கியிருந்தார். அத்தகையோர் நடுவே சுவார்ட்ஸ் வாழ்ந்த முறை கண்டோர்க்கு வியப்பளித்தது. அவருக்கு ஓராண்டிற்குக் கிடைத்தது ஏறத்தாழ 48 பவுன். பழைய கட்டடம் ஒன்றில் ஒரு படுக்கை இடத்தக்க சிறிய அறையே அவர் இல்லம். கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே அவர் உடை. சோறும் காய்கறியுமே அவர் உணவு. அவர் திருமணமும் செய்துகொள்ளவில்லை.

1763இல் திருச்சிராப்பள்ளியில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று தீப்பற்றி வெடித்தது. வீரர் பலர் மாண்டனர். பெற்றோரை இழந்து நின்ற சிறுவர்க்காகச் சுவார்ட்ஸ் பள்ளி ஒன்றை நடத்தினார். 1766இல் அந்நகரில் தேவாலயம் ஒன்றும் அவர் முயற்சியால் எழுந்தது. பின்னர்ப் படையினர்க்குச் சமயப்பணி செய்தமைக்காகச் சென்னை அரசு அவருக்கு ஆண்டுதோறும் 100 பவுன் அளிக்க முன்வந்தது. அத்தொகையையும் அவர் தமக்கென முழுதும் வைத்துக்கொள்ளாமல் சபையின் தேவைகளுக்குப் பகிர்ந்தளித்தார். வருவாய் இரு மடங்கிற்கு மேல் உயர்ந்தபோதும் அவரது உணவும் உடையும் மாறவில்லை.

ஐதர் அலியிடம் தூது

1778இல் சுவார்ட்ஸ் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டில், மைசூரை ஆண்ட ஐதர் அலியின் உள்ளக் கருத்தை அறிந்து, அமைதியை நிலைநாட்ட முயலுமாறு சென்னை ஆளுநர் அவரை வேண்டினார். அரசியல் தம் பணியன்று என்று அவர் தயங்கினார். எனினும், போர் மூண்டால் மடிபவர் எளிய மக்களே என்பதை எண்ணி, அமைதி நாடும் அத்தூதினை ஏற்றார். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மதிப்புடன் வரவேற்று, மனம் விட்டுப் பேசினார். விடைபெறும்போது வழிச்செலவிற்காக 300 ரூபாய் அடங்கிய பை ஒன்றையும் அளித்தார்.

சுவார்ட்ஸ் அப்பணத்தைத் தமதெனக் கொள்ளவில்லை, அரசினரிடமே ஒப்படைத்தார். அவர்கள் அதனை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தஞ்சையில் ஏழைச் சிறுவர்க்கான பள்ளிக்கு அதனை முதலாக்கினார். தூதின் நோக்கம் நிறைவேறவில்லை; 1780இல் போர் மூண்டது. ஆயினும், அப்பாதிரியார் எங்குச் சென்றாலும் தடுக்கலாகாது என்று ஐதர் தம் படையினர்க்கு ஆணையிட்டார். பகை நிறைந்த நாட்டிலும் அவர் அச்சமின்றிச் சென்று வந்தார்.

வாக்கின் மதிப்பு

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. வயல்கள் பாழாயின. ஊர்களை விட்டோடி வந்த மக்கள் தஞ்சைக் கோட்டையில் நிறைந்தனர். நாள்தோறும் பலர் பசியால் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால், அதனைக் கோட்டைக்குக் கொண்டுவருவார் இல்லை. முன்னர் நெல்லையும் மாடுகளையும் வாங்கிக்கொண்ட அலுவலர் உரிய விலை கொடுக்காததால், உழவர்கள் மன்னர் வாக்கையும் நம்பவில்லை. கம்பெனியார் வாக்கையும் நம்பவில்லை.

இறுதியில் மன்னர் துளசா சுவார்ட்ஸின் துணையை நாடினார். விலைக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஊர்தோறும் கடிதம் விடுத்தார். இரண்டொரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. அவர் சொன்னபடியே ஒவ்வொருவர்க்கும் உரிய பணத்தைக் கொடுத்தனுப்பினார். அரண்மனையும் கருவூலமும் உடையவர் சொல்லை நம்பாத உழவர், சிறிய அறையில் வாழ்ந்த ஏழைப் பாதிரியாரின் சொல்லை நம்பினர். பிறர் பொருளை அவர் விரும்பார் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்ததே அதற்குக் காரணம்.

போர் ஓய்ந்த பின்னரும் வரிக்கொடுமையால் குடியானவர் பலர் நிலங்களை விட்டு அயலிடம் சென்றிருந்தனர். மீண்டும் கொடுமை நேராது என்று சுவார்ட்ஸ் உறுதி கூறவே, ஒரே நாளில் 7,000 பேர் தத்தம் ஊருக்குத் திரும்பினர். விதைக்கும் பருவம் கடந்துகொண்டிருந்ததால், அவர்மீது கொண்ட அன்பினால் இரவும் பகலும் உழைத்தனர்.

இளவரசரின் காவலர்

1787இல் துளசா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தார். தாம் மகனாக ஏற்ற சிறுவன் சரபோசியைச் சுவார்ட்ஸின் கையில் ஒப்படைக்க விரும்பினார். ஓர் அரசின் செல்வமும் அதிகாரமும் அவரை நாடி வந்தன. அவரோ அப்பொறுப்பைத் தாம் ஏற்றல் தகாதென்று மறுத்து, மன்னரின் தம்பி அமரசிங்கரிடம் ஒப்படைக்குமாறு கூறினார். பின்னாளில் அமரசிங்கரால் இளவரசருக்குத் துன்பம் நேர்ந்தபோது, சுவார்ட்ஸ் வாளாவிருக்கவில்லை. கம்பெனியாரிடம் முறையிட்டு அவருக்குக் காவலும் கல்வியும் கிடைக்கச் செய்தார். 1793இல் அவரைச் சென்னைக்கு அனுப்பவும் துணை நின்றார். திருநெல்வேலியிலிருந்து தம்மோடு அழைத்துவந்து அவர் கற்பித்த மற்றொரு சிறுவரே, பிற்காலத்திற் கிறித்தவக் கவிஞராய்ப் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

இறுதி நாள்

1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் உயிர் நீத்தார். எளிய வாழ்வினால் எஞ்சியிருந்த பொருளைத் தம் திருப்பணிக்கென எழுதிவைத்திருந்தார். தாம் காத்த இளவரசர் அரியணை ஏறியதைக் காண அவர் இல்லை. சில திங்கள் கழித்தே சரபோசி முடிசூடினார். அம்மன்னர் கிறித்தவர் அல்லர். எனினும், தம் ஆசிரியரைத் தந்தையாகவே போற்றினார். இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் ஒன்று செய்வித்தார். மரணப்படுக்கையிலிருக்கும் முதியவரின் கையை மன்னர் பற்றி நிற்கும் அக்காட்சியைத் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் இன்றும் காணலாம். கம்பெனியாரும் சென்னைக் கோட்டைத் தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தனர்.

அக்காலத்திற் கோடி கோடியாய்ப் பொருள் குவித்தோர் பலரின் பெயரும் மறைந்தது. தமக்கென ஒன்றும் வேண்டாத சுவார்ட்ஸின் பெயரோ நின்று நிலவுகின்றது. பஞ்ச காலத்தில் தஞ்சை மக்களின் பசி தீர்த்தது கருவூலத்துப் பொன்னன்று. இறைவனை நம்பி, உள்ளதுகொண்டு நிறைவெய்திய ஒருவரின் தூய வாக்கே ஆகும்.